பச்சிஸ்லோவில் ‘டிக்… டிக்…’ சத்தம்: பவர் சப்ளையை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறேன். பழைய சாமான் விற்பனையில் ஜப்பானிய பச்சிஸ்லோ ஸ்லாட் மெஷின் ஒன்று வாங்கினேன். 1990களின் கடைசியில் வந்த மாடல். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. வீடு மாறியபோது ஷெட்டில் போட்டு வைத்தேன். எட்டு மாதம் கழித்து எடுத்துப் பிளக்கைச் சொருகினால், விளக்குகள் ஒரு முறை மின்னி அணைகின்றன. அப்புறம் உள்ளே ‘டிக்… டிக்…’ என்ற சத்தம் மட்டும்தான். ஃபியூஸ் போகவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளைப் பெட்டி) ஒன்று சும்மா கிடக்கிறது. அதை மாட்டினால் ஓடுமா, புதிதாக வாங்க வேண்டுமா?

பதில்: கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் வேண்டாம். அது தருவது 3.3, 5, 12 வோல்ட். பச்சிஸ்லோவில் ரீல்களைச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டாருக்கும், டோக்கனை அள்ளிக் கொட்டும் ஹாப்பர் மோட்டாருக்கும் பெரும்பாலும் 24 வோல்ட் வேண்டும். அது அந்தப் பெட்டியில் கிடையாது.

புதிதாக வாங்கவும் அவசரப்படாதீர்கள். உங்கள் பவர் சப்ளை செத்துவிட்டது என்று நான் இன்னும் நம்பவில்லை. முழுதாகச் செத்த சப்ளை சத்தமே போடாது. ‘டிக் டிக்’ என்று கேட்டால், அது உயிரோடு இருக்கிறது, கிளம்பப் பார்க்கிறது, எங்கேயோ ஷார்ட்டோ அதிகப்படி கரண்டோ தெரிந்து உடனே தன்னை நிறுத்திக்கொள்கிறது, மறுபடி கிளம்பப் பார்க்கிறது என்று அர்த்தம். சுவிட்சிங் சப்ளைகளில் இருக்கும் பாதுகாப்பு ஏற்பாடு அது. கோளாறு சப்ளைக்கு உள்ளேயா, சப்ளையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்றிலா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

அதற்கும் முன்னால் நான் உங்களைக் கேட்க வேண்டியது ஒன்று. மெஷினை வாங்கியபோது கூடவே கையடக்கமான, கனமான டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்று வந்ததா? வீடு மாறியதில் அது எங்கே போயிற்று? ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். உங்கள் சுவர் பாயின்ட்டில் 120 வோல்ட். அமெரிக்காவுக்கு வந்த பச்சிஸ்லோக்கள் பலவும் இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரோடுதான் விற்கப்பட்டன. அது தொலைந்து, மெஷினை நேராகச் சுவரில் சொருகிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பவர் பெட்டிக்குள் 100 வோல்ட்டை 24 வோல்ட் ஏசியாக இறக்கும் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், அதை ரெக்டிஃபை செய்த (டிசியாக மாற்றிய) பிறகு, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டரில் நிற்பது சுமார் 32.5 வோல்ட். அந்த இடத்தில் 35 வோல்ட் கெபாசிட்டர் இருந்தால் மட்டுமட்டாகத் தாங்கும். அதே மெஷினுக்கு 120 வோல்ட் கொடுத்தால் அங்கே ஏறக்குறைய 39 வோல்ட் ஏறும். 35 வோல்ட் கெபாசிட்டர் அதை எத்தனை நாள் தாங்கும்? முழு சுவிட்சிங் வகையானால் கொஞ்சம் தப்பிக்கும். பெட்டியின் லேபிளில் ஏசி 100 வோல்ட் என்று இருக்கிறதா, ஏசி 24 வோல்ட் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நேராக 24 வோல்ட் ஏசியே கேட்கும் மாடல்களும் உண்டு. அதற்கு வேறு டிரான்ஸ்ஃபார்மர்.

இனி பெட்டியைத் திறக்கலாம். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 140 முதல் 170 வோல்ட் டிசி வரை தங்கியிருக்கலாம். மல்டிமீட்டரை டிசியில் வைத்து அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள். மிச்சம் இருந்தால் 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் இரு முனைக்கும் குறுக்கே கொஞ்ச நேரம் பிடியுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் பலரிடம் உண்டு. தயவு செய்து வேண்டாம். போர்டின் செம்புத் தடமும் போகும், கண்ணிலும் தெறிக்கும்.

சப்ளையிலிருந்து வெளியே போகும் கனெக்டர்களை எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். இப்போது சப்ளையை மட்டும் தனியாக ஆன் செய்யுங்கள். சத்தம் நின்று 24, 12, 5 வோல்ட் மூன்றும் மீட்டரில் வந்தால் சப்ளை குற்றவாளி இல்லை. அணைத்துவிட்டு ஒரு கனெக்டரை மாட்டுங்கள், ஆன் செய்யுங்கள், மறுபடி அணைத்துவிட்டு அடுத்ததை மாட்டுங்கள். எதை மாட்டும்போது ‘டிக்’ திரும்ப வருகிறதோ அந்தப் பக்கம்தான் ஷார்ட்.

என் மேசைக்கு ஒரு மெஷின் இதே சத்தத்தோடு வந்தது. உரிமையாளர் அதற்குள் இரண்டு சப்ளை வாங்கி மாற்றிப் பார்த்திருந்தார். பழையதோடு சேர்த்து மூன்றும் ‘டிக் டிக்’ என்றுதான் அடித்தன. ஹாப்பரை வெளியே இழுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். அதன் பின்னால் இருக்கும் கனெக்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் டோக்கன் ஒன்று செங்குத்தாகச் செருகி நின்றது. விளிம்பில் மிளகளவு கறுப்புப் பொட்டு. மெஷினைப் படுக்க வைத்து வண்டியில் ஏற்றியபோது உருண்டு போன டோக்கன் அது. மூன்று சப்ளையும் நன்றாகவே இருந்தன. நீங்களும் வீடு மாறியதாகச் சொல்கிறீர்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஹாப்பரை எடுத்துவிட்டு அடித்தட்டு முழுவதையும் பாருங்கள். ஷெட்டில் இருந்த மெஷின் என்பதால் எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் சத்தம் நிற்கவில்லையா? உடனே சப்ளை மேல் பழி போட வேண்டாம். சில சுவிட்சிங் சப்ளைகள் லோடே (மின்சாரத்தை இழுக்கும் எதுவுமே) இல்லாவிட்டால் ஒழுங்காகக் கிளம்பாது. 5 வோல்ட் லைனில் 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டரும், 24 வோல்ட் லைனில் சின்ன 12 வோல்ட் கார் பல்புகள் இரண்டைத் தொடராகவும் போட்டுப் பாருங்கள். அப்போதும் டிக் என்றால் கோளாறு உள்ளேதான். அதிலும் நூற்றுக்குத் தொண்ணூறு கெபாசிட்டர் என்றே வைத்து வேலையைத் தொடங்குவேன்.

ஏன் என்று கேட்டால், அது பிழைத்த பிழைப்பு அப்படி. ஜப்பானிய விளையாட்டுக் கூடங்களில் இந்த மெஷின்கள் காலை பத்து மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றை ஒட்டி வரை நிற்காமல் ஓடுபவை. மூன்று வருடத்தில் 14,000 மணி நேரம் ஆகிவிடும். 105 டிகிரி, 2,000 மணி நேரம் என்று மதிப்பிட்ட எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், சூடு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் இரண்டு மடங்கு ஆயுள் பெறும். பெட்டிக்குள் 65 டிகிரி இருந்தால் சுமார் 32,000 மணி நேரம். ஆக, உங்கள் கைக்கு வரும்போதே அதன் ஆயுளில் பாதி கரைந்திருக்கும். மீதியை வருடங்கள் தின்றுவிட்டன. அதற்கு மேல் எட்டு மாதம் ஷெட் வெயிலும் குளிரும்.

மேல்மூடி உப்பியிருக்கிறதா, அடியில் கசிந்த கறை இருக்கிறதா, மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் மீன் வாடை வீசுகிறதா என்று பாருங்கள். ஆனால் பார்வைக்குப் பளபளவென்று இருந்து உள்ளே காய்ந்துபோனதும் உண்டு. கன்ட்ரோல் ஐசிக்கு (சப்ளையை இயக்கும் சிப்புக்கு) பக்கத்தில், சூடாகும் ரெசிஸ்டரை ஒட்டி, சுண்டுவிரல் நகம் அளவில் 22 முதல் 100 மைக்ரோஃபாரட்டுக்குள் ஒரு சின்னக் கெபாசிட்டர் இருக்கும். கிளம்பும் கரண்டைக் கொடுப்பது அதுதான். ‘கிளம்பப் பார்த்து நிற்கும்’ சப்ளைகளில் நான் முதலில் மாற்றுவது அதைத்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். ஜப்பானியப் போர்டுகளில் பெரிய பாகங்கள் ஆடாமலிருக்க ஒருவகைப் பசை ஊற்றியிருப்பார்கள். புதிதில் வெளிர் மஞ்சள். சூடு பட்டுப் பட்டு வெல்லப்பாகு நிறத்துக்குப் போய்விட்டால், அந்தப் பசையே மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும், பக்கத்து ஒயர் கால்களையும் அரிக்கும். கெபாசிட்டரைக் கழற்றும்போது அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பல பேர் இதை விட்டுவிட்டு, புதுக் கெபாசிட்டர் போட்டும் ஓடவில்லையே என்று முழிக்கிறார்கள்.

புதிதாகப் போடுவது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள் எதிர்ப்பு குறைந்த) வகையாக இருக்கட்டும். நிச்சிகான், ரூபிகான், பானாசோனிக் மூன்றில் எது கிடைத்தாலும் சரி. வெள்ளைக் கோடு உள்ள பக்கம் மைனஸ். பழைய போர்டில் செம்புத் தடம் காகிதம் மாதிரி உரிந்துவிடும். சால்டரிங் அயர்னை ஒரு இடத்தில் மூன்று விநாடிக்கு மேல் வைக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் நேராகச் சொருகாமல் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டு ஆன் செய்யுங்கள். நம் ஊர் எலக்ட்ரீஷியன்களின் சீரிஸ் லாம்ப் சோதனைதான். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. ஒரு முறை எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உடனே பிடுங்குங்கள், இன்னும் ஷார்ட் இருக்கிறது. பிறகு மெஷினை முழுதாக இணைத்து 5 வோல்ட்டை மெயின் போர்டில் அளக்க வேண்டும். சப்ளையில் 5.1 காட்டிக்கொண்டு, பழுப்பேறிய கனெக்டர் பின்னில் இழந்து, போர்டுக்கு 4.7 போனால் மெஷின் கிறுக்குத்தனம் செய்யும். அங்கே 4.75க்குக் கீழே இருக்கக் கூடாது.

போர்டு கருகி, தடங்கள் எரிந்து போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதே மாடலின் பழைய பெட்டி கிடைத்தால் அதுவே சிறந்தது. 5, 12, 24 மூன்றும் ஒன்றாகத் தரும் தொழிற்சாலை வகை எஸ்எம்பிஎஸ்ஸும் சந்தையில் உண்டு. அதில் இரண்டு சிக்கல். மின்சாரம் போகப்போகிறது என்று மெயின் போர்டுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் சிக்னலைப் பழைய பெட்டி கொடுத்துவந்திருந்தால், பொதுவான சப்ளை அதைக் கொடுக்காது. செட்டிங்கை (மெஷின் எவ்வளவு தாராளமாகக் கொடுக்கும் என்ற நிலையை) மாற்றும் சாவித் துளையும் ரீசெட் பட்டனும் பெரும்பாலும் அந்தப் பெட்டியின் முகத்தில்தான் இருக்கின்றன. ஆகவே பெட்டியின் முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுறுப்பை மட்டும் மாற்றுவதே என் விருப்பம். மெஷினில் உற்பத்தி ஆண்டு உள்ள தகட்டையும் தொடாதீர்கள். கலிபோர்னியாவில் 25 வருடம் தாண்டிய ஸ்லாட் மெஷினைச் சூதாடாமல் வைத்துக்கொள்ளத்தான் சட்டம் இடம் தருகிறது. வயதுக்கு அந்தத் தகடே சாட்சி.

மின்சாரம் வந்த பிறகும் திரையில் ஏதோ எரர் எழுத்து நின்றால் சப்ளையை மறுபடி கழற்ற ஓடாதீர்கள். எட்டு மாதத்தில் மெமரி பேட்டரி வடிந்து நினைவு அழிந்திருக்கும். மெஷினை அணையுங்கள். கதவைத் திறந்து வைத்து, செட்டிங் சாவியைச் சொருகி வலது பக்கம் திருப்பி, ஆன் செய்யுங்கள். 1 முதல் 6 வரை ஒரு எண் தெரியும். ரீசெட் பட்டனை அழுத்தி வேண்டிய எண்ணைக் கொண்டுவந்து, ஸ்டார்ட் லீவரை ஒரு தட்டு தட்டி, சாவியைப் பழைய இடத்துக்குத் திருப்புங்கள். சாவி இல்லையென்றால் அந்தத் துளைக்குப் பின்னால் இருப்பது வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச்தான். பூட்டுக் கடைக்காரர் ஒருவரால் சாவி செய்து தர முடியும். எரர் மறைந்ததும் மூன்று டோக்கன் போட்டு லீவரைத் தட்டிப் பாருங்கள்.