எட்டு பேஷண்ட், அட்டெண்டர் கிடையாது

திருமங்கலத்துல இருந்து வந்து, மான்செஸ்டர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில குடல் புற்றுநோய் அறுவை வார்டுல சேர்ந்திருக்கிற தங்கச்சி கேட்டிருந்தாங்க: "மதுரையில நாலு வருஷம் கேன்சர் சர்ஜரி வார்டு. ஒரு ஷிஃப்ட்ல பதினஞ்சு பேரைக்கூடப் பார்த்திருக்கேன். இங்க எட்டுப் பேருக்கே மூச்சு முட்டுது. என்கிட்டதான் குறையா?"

தங்கச்சி, கணக்கைக் கொஞ்சம் சரியாப் போடுவோம். மதுரையில பதினஞ்சு பேஷண்ட்னா கூடவே பதினஞ்சு அட்டெண்டர். கட்டிலுக்குக் கீழ பாய் விரிச்சுப் படுத்திருக்கிற அம்மாவோ மதினியோதான் உடம்பு துடைச்சு விடுவாங்க, கஞ்சி ஊட்டுவாங்க, பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாக் கூட்டிப் போவாங்க, "சிஸ்டர், பாட்டில் தீரப்போகுது"ன்னு ஓடி வருவாங்க. டூட்டி லிஸ்ட்ல அவங்க பேரு இருக்காது, ஆனா வேலையில பாதி அவங்க கையிலதான். இங்க சொந்தக்காரங்க பார்வை நேரத்துக்கு வந்துட்டுப் போயிருவாங்க. அந்தப் பாதி வேலை உங்க தலையிலயும் ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் தலையிலயும் விழுது.

இங்கிலாந்துல ஒரு நர்ஸுக்கு இத்தனை பேர்னு சட்டம் கிடையாது. வேல்ஸ்ல 2016-லயே ஆள்கணக்குக்குத் தனிச் சட்டம் வந்துச்சு. ஸ்காட்லாந்து 2019-ல போட்ட சட்டம் 2024 ஏப்ரல்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. இங்கிலாந்துக்கு இருக்கிறது 2014-ல நைஸ் (NICE, சிகிச்சைக்கு வழிகாட்டுதல் வகுக்கிற அரசு அமைப்பு) கொடுத்த வழிகாட்டுதல். பகல் ஷிஃப்ட்ல ஒரு நர்ஸ் எட்டுப் பேருக்கு மேல பார்த்தா பேஷண்டுக்கு ஆபத்து கூடுதுன்னு அதுல இருக்கு. தாண்டக் கூடாத எல்லையாச் சொன்ன எட்டையே வழக்கமா ஆக்கிட்டாங்க, அது வேற கதை.

முந்தின ஷிஃப்ட் நர்ஸ் பேஷண்ட் விவரம் சொல்லி ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவர் முடிஞ்சதும் மருந்து ட்ராலியைத் தொடாதீங்க. எட்டுப் பேரையும் ஆளுக்கு ரெண்டு நிமிஷம் நேர்ல பாருங்க: மூச்சு, ஆக்சிஜன், யூரின் பை, ட்ரெயின்ல (வயித்துல தேங்குறதை வெளியேத்துற குழாய்) வர்றதோட அளவும் நிறமும், டிரெஸ்ஸிங், எபிடியூரல் பம்ப்ல (முதுகு வழியா வலி மருந்து போறது) ஓடுற அளவு, ஸ்டோமா (மலம் வெளியேற வயித்துல வச்ச குடல் வாய்). ஸ்டோமா சிவப்பா ஈரமா இருக்கணும், கருநீலமா மாறினா உடனே சொல்லணும். யூரின் மணிக்கு கிலோவுக்கு 0.5 மில்லி. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழ ரெண்டு மணி நேரமாப் போச்சுன்னா விடாதீங்க. இந்தச் சுற்றுல கண்ணுல பட்டதை வச்சுத்தான் அன்னைக்கு யாருக்கு முதல்லன்னு முடிவு பண்ணணும். கட்டில் நம்பர் வரிசையில போனா எட்டாம் கட்டில்ல இருக்கிறவர் பாவம்.

அசிஸ்டென்ட் நம்மளை விட இருபது வயசு மூத்தவங்களா இருப்பாங்க, வேலை சொல்லக் கூச்சமா இருக்கும். சொல்லாம எல்லாத்தையும் தானே இழுத்துப் போட்டுக்கிறதுதான் நம்ம ஊர்ப் பிள்ளைங்க செய்ற தப்பு. "நாலாம் கட்டில் அம்மாவைப் பத்து மணிக்கு நாற்காலியில உட்கார வைங்க, எந்திரிச்சதும் பிபி பார்த்து என்கிட்ட சொல்லுங்க"ன்னு நேரத்தோட, காரணத்தோட சொல்லுங்க. அவங்க எடுத்த அளவை நீங்க பார்க்காம விட்டா பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

இப்ப முக்கியமான இடம். மூச்சு, ஆக்சிஜன், பிபி, நாடி மாதிரி அளவுகளுக்கு மார்க் போட்டுக் கூட்டுற எச்சரிக்கைக் கணக்குதான் நியூஸ் 2 (NEWS2). அந்த மொத்த ஸ்கோர் 5 ஆனா மணிக்கொரு தரம் பார்க்கணும், டாக்டர் உடனே வரணும். 7 ஆனா அவசரக் குழு. ஒரே அளவு மட்டும் தனியா 3 எடுத்தாலும் டாக்டரைக் கூப்பிடணும். ஆனா குடல் இணைச்ச இடத்துல கசிவு வந்தா ஸ்கோர் சில நேரம் மெதுவாத்தான் ஏறும். பெரும்பாலும் மூணாம் நாள்ல இருந்து ஏழாம் நாளுக்குள்ள தெரியும். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும், எபிடியூரல் வலியை மறைக்கும், பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை) நாடித் துடிப்பு கூடுறதை மறைக்கும். மொத்த ஸ்கோர் 3-தானேன்னு இருந்துராதீங்க. நேத்து 0, இன்னைக்கு 3, வயிறு உப்பல், சாப்பாடு வேண்டாங்கறார்னா அப்பவே போன் எடுங்க.

போன்ல "டாக்டர், கொஞ்சம் பாருங்க"ன்னு குழையாதீங்க. என்ன ஆபரேஷன், எத்தனாவது நாள், ஸ்கோர் எதுல இருந்து எதுக்கு ஏறுச்சு, என்ன சந்தேகம், எத்தனை நிமிஷத்துல வரணும். டாக்டர் பேரையும் நேரத்தையும் எழுதிருங்க. வரலைன்னா ரெஜிஸ்ட்ரார் (அவருக்கு மேல உள்ள டாக்டர்), அவுட்ரீச் டீம் (நிலைமை மோசமாகிறவங்களை வார்டுக்கே வந்து பார்க்கிற தீவிர சிகிச்சைக் குழு)னு மேல போங்க, அது இங்க மரியாதைக் குறைவு இல்லை. நாடியோ மூச்சோ நின்னா ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கிற அவசர நம்பர் 2222-க்குப் போன் போடுங்க.

மதுரையில "நேத்து மாதிரி இல்ல சிஸ்டர், பேச்சே இல்ல"ன்னு அம்மா வந்து சொல்வாங்களே, அந்தத் தகவல் இங்க உங்களுக்குத் தானா வராது. பார்க்க வர்ற மனைவிகிட்ட "இன்னைக்கு எப்படித் தெரியறார்?"னு நீங்களே கேளுங்க. இங்கிலாந்துல 2024-ல தொடங்கின மார்த்தா விதி, சொந்தக்காரங்க கவலைப்பட்டா அவங்களே வேறொரு குழுவைக் கூப்பிட வழி விட்டிருக்கு. உங்க ஆஸ்பத்திரியில அந்த நம்பர் எங்க ஒட்டியிருக்குன்னு பார்த்து வச்சுக்கங்க.

வயித்துல கேன்சர் ஆபரேஷன் ஆனவங்க ரத்தம் உறையாம இருக்கிற ஊசியை வழக்கமா 28 நாள் போட்டுக்கணும். அதை டிஸ்சார்ஜ் அன்னைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தா சாயங்காலமாயிரும். ரெண்டாம் நாள்ல இருந்தே அவங்க கையால போட வைங்க.

ஆள் குறைஞ்சா ஷிஃப்ட் தொடங்கும்போதே பொறுப்பு நர்ஸ்கிட்ட சொல்லணும். இங்க "சிஸ்டர்"னு சொல்றது வார்டுல பொறுப்புல இருக்கிற மூத்த நர்ஸை, எல்லா நர்ஸும் சிஸ்டர் இல்ல. வலி மருந்து 30 நிமிஷத்துக்கு மேல தாமதம், மருந்தோ அளவுகளோ விட்டுப்போனது, வார்டுல பதிவு பெற்ற நர்ஸ் ரெண்டு பேருக்குக் கீழ இருக்கிறது, அந்த ஷிஃப்டுக்குத் தேவையான நர்ஸ் நேரத்துல 8 மணி நேரத்துக்கு மேலயோ கால்வாசியோ குறைஞ்சது, இதெல்லாம் ஆள் பத்தலைன்னு காட்டுற, நைஸ் சொல்ற சிவப்புக் கொடிகள். மெட்ரன் வஞ்சிருவாங்களோன்னு நம்ம ஊர்ப் பயத்துல இருந்துராம, உங்க ஆஸ்பத்திரி வச்சிருக்கிற சம்பவப் பதிவுல போடுங்க. "ஆள் பத்தலை"ன்னு எழுதினா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. "மூணாம் கட்டில், 10 மணி மார்பின் 10.50-க்குப் போச்சு, அப்ப 26 பேருக்கு ரெண்டு நர்ஸ்"னு எழுதுங்க.