பொட்டலம் மடிப்பதும் பாடமா? – வாசகர் கேள்வி பதில்

எழுத்தாலும் படத்தாலும் சேதி சொல்லும் வடிவமைப்பைக் கற்றுத்தருகிற கம்யூனிகேஷன் டிசைன் படிப்பின் முதலாண்டு அடிப்படைப் பயிற்சி பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார் ஒரு வடிவமைப்பு ஆசிரியை. வீடு கிருஷ்ணகிரி. வேலை, பெங்களூருவில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்துவது.

என் மகள் கம்யூனிகேஷன் டிசைன் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. கோடு போடுவதும், காகிதம் மடிப்பதும், கட்டம் கட்டமாகப் பெயிண்ட் அடிப்பதும்தான் நடக்கிறது. கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை என்கிறாள். கடன் வாங்கிப் பணம் கட்டியிருக்கிறோம். இது படிப்புதானா?
– ஒரு தாய், பாலக்கோடு

படிப்புதான் அம்மா. என் அப்பாவும் இதையேதான் கேட்டார். முதல் வருஷம் தீபாவளி லீவுக்கு வந்தபோது நான் கொண்டுவந்த தாள்களைக் கூடத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணாங்கிளாஸ்ல போட்ட கோடுதானே இது?" என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இருபது வருஷம் கழித்து உங்களுக்குச் சொல்கிறேன்.

காகிதத்திலிருந்து தொடங்குகிறேன். முன்பெல்லாம் மளிகைக் கடையில் கடலைப் பருப்பை எப்படிக் கட்டித் தருவார்கள், நினைவிருக்கிறதா? பழைய செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்துக் கூம்பாகச் சுற்றுவார்கள். அடியில் ஒரு மடிப்பு, வாயில் இரண்டு மடிப்பு, மேலே நூல். பசை கிடையாது. விரலால் குத்தினால் கிழிந்துபோகிற தாள்தான். ஆனால் அரைக் கிலோ பருப்பைச் சிந்தாமல் வீடுவரை கொண்டு வந்து சேர்த்துவிடும். அந்தத் தாளுக்குப் பலம் எங்கிருந்து வந்தது? மடிப்பிலிருந்துதான். கடைக்காரரின் கைக்குத் தெரிந்திருந்த இந்த விஷயத்தை உங்கள் மகளின் கை இப்போது கற்றுக்கொள்கிறது.

இந்த முதலாண்டுப் பயிற்சிக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசாகிறது. ஜெர்மனியில் 1919-ல் வால்டர் குரோப்பியஸ் பௌஹவுஸ் என்ற பள்ளியைத் தொடங்கினார். அங்கே யோஹானஸ் இட்டன் என்ற ஆசிரியர், எந்தத் தொழிலுக்குப் போகிற மாணவரும் முதலில் இதைப் படிக்க வேண்டும் என்று ஒரு பொது வகுப்பை உண்டாக்கினார். பின்னால் அந்த வகுப்பை எடுத்தவர்களில் ஒருவர் யோசப் ஆல்பர்ஸ். அவர் மாணவர்களிடம் செய்தித்தாள்களைக் கொடுத்து, கொஞ்சமும் வீணாக்காமல் ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்தால் கோட்டை, விமானம், முகமூடி என்று ஆளுக்கொன்று செய்து வைத்திருந்தார்கள். அவர் பாராட்டியது அவற்றில் ஒன்றையும் இல்லை. ஒரு மாணவர் தாளை நீளவாக்கில் மடித்து நிறுத்தி வைத்திருந்தார், அவ்வளவுதான். படுத்தே கிடக்கிற தாள் ஒரே மடிப்பில் எழுந்து நிற்கிறது, அதன் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிறது, காகிதத்தால் மட்டுமே முடிகிற காரியம் இது என்று அதைத்தான் எடுத்துக் காட்டினார்.

அப்புறம் அந்தக் கட்டம் கட்டமான பெயிண்ட். இதற்கு என் சொந்த அனுபவத்தையே சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்து ஊருக்கு வந்த புதிதில், நம் பக்கத்தில் மாம்பழக்கூழ் தயாரிக்கிற ஒரு சிறிய நிறுவனத்துக்கு லேபிள் செய்துகொடுத்தேன். நல்ல மஞ்சளில் ஒரு மாம்பழம். பின்னால் ஆரஞ்சு நிறம். சூடாக, தித்திப்பாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் அப்படி வைத்தேன். அச்சாகி வந்தபோது உரிமையாளர் டின்னை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பழம் காயாத் தெரியுது?" என்றார். பார்த்தேன். உண்மைதான். மஞ்சளில் பச்சை ஓடியிருந்தது. மையைச் சோதித்தோம், அச்சகத்தாரைக் கேட்டோம். மையில் பழுது இல்லை.

அப்போதுதான் முதல் வருஷத்தில் கட்டம் கட்டமாக அடித்த தாள்கள் ஞாபகம் வந்தன. சுற்றிலும் இருக்கிற நிறம், நடுவில் இருக்கிற நிறத்தைத் தன்னிடமிருந்து எதிர்ப்பக்கமாகத் தள்ளிவிடும். ஆரஞ்சுக்கு எதிர் நீலம். மஞ்சள் அந்தப் பக்கம் சாய்ந்தால் பச்சையாகத்தானே தெரியும்? இதை ஒழுங்காக ஆராய்ந்து 1839-ல் எழுதி வைத்தவர் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியல் அறிஞர். பாரீஸில் கோப்ளான் என்ற நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று நெசவாளர்களிடமிருந்து புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், சரியாகவே இருந்தது. அந்தக் கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் அதை மங்கலாகக் காட்டின.

நான் பின்னணியை அடர்நீலமாக மாற்றினேன். மாம்பழத்தின் மஞ்சளை ஒரு புள்ளிகூடத் தொடவில்லை. பழம் பழுத்துவிட்டது.

கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கான நிறங்கள் இருக்கின்றன. எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று அது சொல்லாது. உங்கள் மகள் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஒன்பது படியாகச் சாம்பல் நிறத்தைக் கலக்கும்போது, ஐந்தாவது படிக்கும் ஆறாவது படிக்கும் நடுவில் நடுராத்திரி வரை உட்கார்ந்திருப்பாள். நான் அழுதிருக்கிறேன் அந்த ஆறாவது படிக்காக. இந்த வாரம் அவளிடம் போனில் பேசும்போது எந்தப் படியில் இருக்கிறாள் என்று கேளுங்கள். அம்மா கேட்கிறாரே என்று சந்தோஷப்படுவாள்.

எனக்குப் படம் வரையவே வராது. ரெக்கார்டு நோட்டில் தவளையைக்கூட அக்காதான் வரைந்து தருவாள். ஆனால் டிசைன் படிக்க ஆசை. சேரலாமா?
– பிளஸ் டூ மாணவி, காவேரிப்பட்டணம்

சேரலாம் கண்ணு. ஆனால் "வராது" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடு. முதலாண்டில் வரைதல் என்று சொல்லித்தருவது பார்க்கிற பழக்கத்தைத்தான்.

உங்கள் வீட்டுச் சொம்பை எடுத்து மேஜைமேல் வை. எதிரே உட்கார்ந்து பார். அதன் வாய் வட்டம் என்று உனக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிவது வட்டமா? அமுங்கிய நீள்வட்டம். எழுந்து நின்றால் அது கொஞ்சம் அகலமாகத் திறக்கும். கீழே குனிந்து சொம்பின் வாய் உன் கண் மட்டத்துக்கு வந்துவிட்டால் வெறும் கோடு. பழக்கமில்லாதவர்கள் எல்லாரும் தெரிந்ததை வரைகிறார்கள், தெரிவதை வரைவதில்லை. வாயை முழு வட்டமாகப் போட்டு அடியை நேர்க்கோடாகப் போட்டுவிடுவார்கள். அடியும் வளைவுதான், வாயைவிடக் கொஞ்சம் கூடுதலான வளைவு. இந்த ஒன்றைக் கண்ணால் பிடித்துவிட்டால் பாதி வந்த மாதிரி.

சொம்பு என்று சும்மா சொல்லவில்லை. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியை இந்திய அரசு அழைத்து வடிவமைப்புக் கல்வி பற்றி அறிக்கை கேட்டது. 1958-ல் கொடுத்தார்கள். நாடெல்லாம் சுற்றிப் பார்த்தவர்கள், தாங்கள் கண்டு வியந்த பொருள்களிலேயே மிகச் சிறந்தது என்று சொன்னது நம் சொம்பைத்தான். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தூக்குகிற கை ஆணுடையதா பெண்ணுடையதா, தலையிலா இடுப்பிலா, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எப்படி நிலைகொள்ளும், ஊற்றும்போது எப்படி விழும், தேய்த்துக் கழுவ வருமா, என்ன விலை என்று கேள்விமேல் கேள்வியாக அடுக்கியிருக்கிறார்கள். அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம், அதாவது என்ஐடி, வந்தது.

தினம் ஒரு சொம்பு வரை. பென்சில் மட்டும் போதும், ரப்பரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளாதே. முதல் பத்துப் படம் கோணலாக வரும். அவற்றைக் கிழிக்காமல் தேதி போட்டு வை. நம் ஊர் மாம்பழச் சீசன் வந்ததும் கிளிமூக்கு மாங்காய்க்கு மாறிவிடு. அந்த மூக்கு வளைகிற இடத்தில் நிழல் எங்கே திரும்புகிறது என்று கண்டுபிடிப்பது சொம்பைவிடக் கஷ்டம். ரொம்ப நன்றாகவும் இருக்கும்.

விஸ்காமும் இதுவும் ஒன்றுதானா? எங்கே படிக்கலாம்? பையன் வணிகவியல் குரூப்.
– ஒரு தந்தை, ஊத்தங்கரை

ஒன்றல்ல ஐயா. விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன், பெரும்பாலும் மூன்று வருஷப் பட்டம். புகைப்படம், ஒளிப்பதிவு, விளம்பரம், இதழியல் என்று ஊடகம் முழுவதையும் தொட்டுச் செல்லும். பி.டெஸ், அதாவது வடிவமைப்பில் இளநிலைப் பட்டம், நான்கு வருஷம். முதலாண்டு அடிப்படைப் பயிற்சி, அப்புறம்தான் துறை.

குரூப் தடையில்லை. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தாலும் என்ஐடி நுழைவுத்தேர்வும் எழுதலாம், ஐஐடிகளுக்கான யூசீட் தேர்வும் எழுதலாம். பெங்களூரு என்ஐடி நமக்குப் பக்கம்தானே என்று பலர் கேட்கிறார்கள். அங்கே இருப்பது முதுநிலைப் படிப்புகள். இளநிலைக்கு அகமதாபாத் அல்லது ஆந்திராவில் இருக்கிற என்ஐடியைப் பாருங்கள். சென்னை தரமணியில் நிஃப்ட், அதாவது தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம், 1995 முதல் நடக்கிறது. செலவை யோசிக்கிற குடும்பம் என்றால், 1850-ல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியை மறந்துவிடாதீர்கள். அங்கே காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்றே ஒரு பட்டம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். என்ஐடி, யூசீட் விண்ணப்பங்கள் பொதுத்தேர்வு முடியும்வரை காத்திருக்காது. மழைக்காலத்திலேயே தொடங்கிவிடும்.

முதலாண்டுக்கே விலை கூடிய லேப்டாப் வாங்கித் தர வேண்டுமா?
– ஒரு வாசகர், பர்கூர்

இப்போது வேண்டாம். கல்லூரி என்ன கேட்கிறது என்று பார்த்துவிட்டு இரண்டாம் வருஷம் வாங்குங்கள். அந்தப் பணத்தில் கொஞ்சத்தை நல்ல தூரிகைக்கும் தாளுக்கும் கொடுங்கள்.

தருமபுரியில் ஃபிளெக்ஸ் கடையில் ஆறு வருஷமாக டிசைனர். கோரல்டிரா, போட்டோஷாப் தண்ணிபட்ட பாடு. கல்லூரிக்குப் போக வசதியில்லை. இந்த அடிப்படைப் பயிற்சியை நானே கற்றுக்கொள்ள முடியுமா?
– ஒரு இளைஞர், தருமபுரி

முடியும் தம்பி. உங்கள் கையில் நாள் முழுக்கத் தமிழ் எழுத்து இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குங்கள்.

பெயர் நீளமாக இருந்தால் என்ன செய்கிறீர்கள்? பக்கத்தைப் பிடித்து அமுக்கி பேனருக்குள் அடக்குவீர்கள். அப்படி அமுக்கிய ஒரு "ண"வைப் பெரிதாக்கிப் பாருங்கள். நின்ற கோடுகள் எல்லாம் இளைத்திருக்கும், படுத்த கோடுகள் பழைய தடிமனிலேயே இருக்கும். மூன்று சுழியும் ஒன்றோடொன்று ஒட்டி உள்வெளி அடைந்திருக்கும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்கு அது மூணு சுழியா ரெண்டு சுழியா என்று தெரியாது. தூரிகையால் போர்டு எழுதியவர்கள் இப்படிச் செய்ததில்லை. இடம் குறுகினால் எழுத்தையே ஒல்லியாக வரைவார்கள், கோட்டின் தடிமனை எல்லாப் பக்கமும் காப்பாற்றுவார்கள். சுழிக்குள் இருக்கிற வெற்றிடமும் எழுத்துதான் என்று அவர்களுக்குத் தெரியும். முதலாண்டில் நாங்கள் வாரக்கணக்கில் நடத்துவது இந்த வெற்றிடத்தைத்தான்.

ஒரு நோட்டு வாங்குங்கள். அ, ண, ஞ, இ, ழ, இந்த ஐந்தை மட்டும் உள்ளங்கை அளவில் பென்சிலால் வரையுங்கள். பிறகு எழுத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றியும் உள்ளேயும் இருக்கிற வெற்றிடத்தை மட்டும் கறுப்பால் நிரப்புங்கள். இதை இருபது முறை செய்யுங்கள். 1978-க்கு முந்தைய அச்சில் வந்த பழைய கல்யாணப் பத்திரிகை வீட்டில் இருந்தால் எடுங்கள். எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு லை, ணை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரிக் கொம்போடு இருக்கும். அதையும் வரைந்து, இன்றைய வடிவத்தோடு பக்கத்தில் வையுங்கள். ஒரே ஒலிக்கு இரண்டு உருவம், எது எவ்வளவு இடம் எடுக்கிறது என்று அளந்து எழுதுங்கள்.

அப்புறம் லீவு நாளில் உங்கள் ஊர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மாடு மீட்கும் சண்டையில் செத்த வீரர்களுக்கு நட்ட கற்கள் அங்கே இருக்கின்றன. கையில் வில்லோடு ஆள், பக்கத்தில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. ஒரே கல், ஒரே நிறம், ஒரு உளிதான். ஆனாலும் உருவம் முன்னால் வருகிறது, கல் பின்னால் போகிறது. இன்னார், இந்தச் சண்டையில் இறந்தார் என்ற சேதி நூற்றாண்டுகள் தாண்டி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு கல்லின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து வரையுங்கள். கல்லின்மேல் தாளை வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டாம், கல்லுக்கு நல்லதல்ல. கண்ணால் பார்த்து வரைந்தாலே போதும். வரைந்த பக்கங்களை இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.