பைக் மீனுக்கு என்ன வாங்குவது? முள் முனையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: மண்புழுவும் தக்கையும் வைத்து ஏரியில் சின்ன மீன்களைப் பிடித்துப் பழகியவன் நான். கையில் இருப்பது 6 அடி மெல்லிய ராடும் 8 பவுண்டு இழுவை தாங்கும் நைலான் நரம்பும்தான். இதே ஏரியில் நார்தர்ன் பைக் என்ற பெரிய வேட்டை மீன் நிறைய உண்டு என்கிறார்கள். இரண்டு தடவை ஏதோ பெரிதாக இழுத்து, நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. பைக்குக்கென்று தனியாக வாங்கலாம் என்று கடைக்குப் போனால் செயற்கை இரைகளே சுவர் முழுக்கத் தொங்குகின்றன. எதை முதலில் வாங்குவது? நரம்புக்கும் இரைக்கும் நடுவே கம்பி லீடர் கட்டினால் மீன் பார்த்து ஒதுங்கிவிடும் என்று நண்பர் சொல்கிறார், உண்மையா? பழைய ராடையே வைத்துச் சமாளிக்கலாமா?

பதில்: அடுத்த தடவை நரம்பு அறுந்தால் அந்த நுனியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சுருள் சுருளாக இருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. கத்தரித்த மாதிரி சுத்தமாகவோ, உரசி நார் கிளம்பியோ இருந்தால் அது பல்லின் வேலை. உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். பைக்கின் கீழ்த்தாடையில் ஊசி போன்ற பெரிய பற்கள். மேலண்ணத்தில் உள்நோக்கிச் சாய்ந்த சிறு பற்கள் வரிசை வரிசையாக. உள்ளே போன இரை வெளியே வரக் கூடாது என்பதற்கான அமைப்பு அது. அந்த வாய்க்கு 8 பவுண்டு நரம்பு ஒரு பொருட்டே இல்லை.

பெரும்பாலானவர்கள் ராடில் ஆரம்பித்து, ரீல் வாங்கி, பெட்டி நிறைய இரைகளை அள்ளிக்கொண்டு, கடைசியில் மிச்சமிருக்கும் பணத்தில் ஏதோ ஒரு லீடரை வாங்குகிறார்கள். பைக்குக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் முள்ளைக் கழற்றும் கருவிகள், அடுத்து லீடர், அப்புறம் இரை, அந்த இரையின் எடைக்கு ஏற்ற ராட், கடைசியில் ரீலும் நரம்பும். நானும் இதே வரிசையிலேயே சொல்கிறேன்.

முள் கழற்றும் கருவிகள் ஏன் முதலில்? பிடித்த மீனைப் பத்திரமாகக் கழற்றத் தெரியாமல் அதைப் பிடிக்கப் போவது மீனுக்கும் கெடுதல், உங்கள் விரலுக்கும் கெடுதல். நீளமான மூக்குள்ள நோஸ் பிளையர் ஒன்று அவசியம். குறைந்தது 25 செ.மீ. நீளம் இருக்கட்டும். குட்டைப் பிளையர் வைத்திருந்தால் முள்ளை எட்டுவதற்குள் உங்கள் விரல் முட்டி பல்லில் உரசிவிடும். கூடவே முள்ளையே துண்டிக்கக்கூடிய கனமான கட்டர் ஒன்று வேண்டும். மூன்று முள் கொண்ட கொக்கி ஆழத்தில் மாட்டிக்கொண்டால் இழுத்துப் பிடுங்காதீர்கள். முள்ளை வெட்டினால் துண்டுகள் எளிதாக வந்துவிடும். நஷ்டம் ஒரு கொக்கி மட்டுமே. மூன்றாவது, ரப்பர் பூசிய வாயகன்ற கைவலை. சாதாரண நூல் வலையில் முட்கள் சிக்கிக்கொள்ளும், மீனின் உடம்பை மூடியிருக்கும் வழவழப்பும் உரிந்துவிடும். நோயிலிருந்து மீனைக் காப்பது அந்த வழவழப்புதான்.

அப்படியே இன்னொன்றும் செய்யுங்கள்: வாங்கிய இரைகளின் முட்களில் இருக்கும் எதிர்ச்செதிலை (முள் கழன்றுவிடாமல் தடுக்க நுனியருகே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கூர்) பிளையரால் நசுக்கிவிடுங்கள். கனடாவின் மனிட்டோபா போன்ற இடங்களில் எதிர்ச்செதில் இல்லாத முள்தான் சட்டம். சட்டம் இல்லாத இடத்திலும் நான் இதையே சொல்வேன். நரம்பைத் தொய்யவிடாமல் வைத்திருந்தால் இதனால் தப்பும் மீன்கள் மிகக் குறைவு. கழற்றும் நேரமோ நன்றாகக் குறைந்துவிடும்.

அடுத்து, நண்பர் சொன்ன லீடர் விஷயம். கம்பியைப் பார்த்து பைக் ஒதுங்கும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். பைக் நின்று நிதானமாகப் பார்த்துச் சாப்பிடும் மீன் இல்லை. அதன் முதுகுத் துடுப்பு மற்ற பல மீன்களுக்கு இருப்பதுபோல் நடு முதுகில் இல்லாமல் வாலுக்குப் பக்கத்தில், அடித்துடுப்புக்கு நேர் மேலே இருக்கும். நின்ற இடத்திலிருந்து ஒரே உந்தில் பாய்வதற்கான உடல் அது. நீர்ச்செடிகளுக்குள் அசையாமல் கிடந்து, பக்கத்தில் ஏதாவது போனதும் பாய்ந்து கவ்வும். அந்த நொடியில் மூக்குக்கு முன்னால் இருக்கும் மெல்லிய கம்பி அதற்குப் பெரிதல்ல. கண்ணாடிபோல் தெளிந்த நீரில், மிக மெதுவாக இரையை நகர்த்தும்போது சில சமயம் வித்தியாசம் தெரியலாம். அப்போதும் லீடரைக் கழற்றிவிட்டு வீசுவது சரியான விடை அல்ல. வாயில் முள்ளோடும் தொங்கும் இரையோடும் ஒரு மீனை விட்டுவிடுவதுதான் அதன் முடிவாக இருக்கும்.

எஃகுக் கம்பி லீடர், 30 பவுண்டு, 30 செ.மீ. நீளம்: தொடங்குபவருக்கு இது போதும். ஏழு இழை முறுக்கிய கம்பி வளைந்து கொடுக்கும், விலையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு மீனுக்கும் பிறகு விரலால் தடவிப் பாருங்கள். ஓர் இழை அறுந்து குத்தினாலோ, கம்பி சுருண்டு நிமிராமல் போனாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். டைட்டானியம் கம்பி எவ்வளவு வளைத்தாலும் நிமிர்ந்துவிடும், நீண்ட நாள் உழைக்கும், விலை கூடுதல். ஃபுளூரோகார்பன் என்ற கண்ணாடிபோன்ற நரம்பு பலர் விரும்புவது. பைக்குக்கு அதை 80 பவுண்டு அளவில் தடிமனாகப் போட வேண்டும், அப்படியும் பல்லில் வெட்டுப்பட வாய்ப்பு உண்டு. பழகும்வரை கம்பியே மேல்.

லீடரின் மேல்முனையில் நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் ஸ்விவலும் கீழ்முனையில் இரையை மாட்டித் திறந்து மூடும் ஸ்னாப்பும் இருக்கும். இந்த ஸ்னாப்பைக் கவனித்து வாங்குங்கள். தகட்டை வளைத்துச் செய்த மலிவு ரகம் பெரிய மீன் தலையை உதறும்போது திறந்துகொள்ளும். ஒரே கம்பியை வளைத்து, நுனி தன்மேலேயே கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்ளும் ரகம் நம்பகமானது.

இப்போது இரை. சுவர் முழுக்கத் தொங்குவதில் உங்களுக்குத் தேவை நான்கு வகைதான்.

முதலாவது ஸ்பூன். சாப்பிடும் கரண்டியின் அடிப்பகுதி போன்ற உலோகத் தகடு, அவ்வளவே. ஜூலியோ பியூல் என்ற அமெரிக்கர் 1852இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் பைக்குக்கு இதை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கருத்து. 18 முதல் 28 கிராம் எடையில் இரண்டு வாங்குங்கள்: ஒன்று வெள்ளி அல்லது தாமிர நிறம், இன்னொன்று சிவப்பும் வெள்ளையும். இழுக்கும் வேகத்தில்தான் எல்லாமே இருக்கிறது. கரையோரம் தெளிந்த நீரில் போட்டுப் பழகுங்கள். மெதுவாகச் சுற்றும்போது ஸ்பூன் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு வரும். அந்த ஆட்டம் ராட் வழியே உள்ளங்கையில் தெரியும். வேகம் கூடினால் ஆட்டம் போய் பம்பரமாகச் சுழல ஆரம்பிக்கும், கையில் வெறும் அதிர்வு மட்டும் இருக்கும். சுழலுக்குச் சற்றுக் கீழே உள்ள வேகம்தான் உங்களுக்கு வேண்டும். நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை ஒரு நொடி நிறுத்துங்கள். ஸ்பூன் சாய்ந்து, மினுக்கி, அடிபட்ட மீன்போல் சரியும். பின்தொடர்ந்து வரும் பைக் பல நேரம் அந்தச் சரிவில்தான் கவ்வும். எனவே நிறுத்தும்போதும் நரம்பைத் தொய்ய விடாதீர்கள்.

இரண்டாவது ஸ்பின்னர்பெய்ட். திறந்த சேஃப்டி பின் வடிவக் கம்பி. ஒரு கையில் சுழலும் தகடு, மறு கையில் பாவாடைபோல் ரப்பர் இழைகள் மூடிய ஒற்றை முள். உங்கள் ஏரியில் செடிகள் அதிகம் என்றால் ஸ்பூனுக்கும் முன்னால் இதை வாங்குங்கள். மேல்கம்பி செடிகளை விலக்கிக்கொண்டே வருவதால் மற்ற இரைகள் சிக்கும் இடத்திலும் இது தாண்டி வரும். ஒற்றை முள் என்பதால் கழற்றுவதும் சுலபம். 14 முதல் 28 கிராம் சரியாக இருக்கும்.

மூன்றாவது, துடுப்புவால் ரப்பர் மீன், 12 முதல் 15 செ.மீ. திறந்த நீருக்கு 10-15 கிராம் ஜிக் தலையில் (தலையில் எடைக் குண்டு உள்ள முள்) மாட்டுங்கள். செடிகளுக்குள் போட வேண்டுமானால் முள்நுனி உடலுக்குள் மறையும் பெரிய வளைமுள்ளில் மாட்டுங்கள். பல் பட்டுச் சீக்கிரம் கிழியும், அதனால் நான்கைந்து வாங்கி வைக்க வேண்டியிருக்கும். கிழிந்ததை ஏரியில் எறியாதீர்கள்.

நான்காவது, முன்னால் உதடுபோல் தகடு வைத்த கடினமான மின்னோ (சிறு மீன் வடிவ இரை), 11 முதல் 14 செ.மீ., நிறுத்தினால் மிதக்காமலும் மூழ்காமலும் அந்தரத்தில் நிற்கும் ரகம். இதன் மூதாதை ஃபின்லாந்தின் லௌரி ரபாலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் தாள் சுற்றிச் செய்த இரை. கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் ஒற்றை மீனைத்தான் வேட்டை மீன்கள் தேர்ந்தெடுக்கின்றன என்று அவர் கவனித்ததுதான் அதன் அடிப்படை. நீர் குளிர்ந்திருக்கும் வசந்தத் தொடக்கத்தில் இரண்டு சொடுக்கு, அப்புறம் நீண்ட நிறுத்தம் என்று இழுங்கள். நிறுத்தம் அலுப்பாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள்.

நிறத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். தெளிந்த நீருக்கும் வெயிலுக்கும் வெள்ளி போன்ற இயல்பான நிறங்கள். கலங்கிய நீருக்கும் மேகமூட்டத்துக்கும் கிளிப்பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. நிறத்தைவிட ஆழம் முக்கியம். பைக்கின் கண்கள் முன்னாலும் மேலேயும் பார்க்கும்படி அமைந்தவை. இரை அதன் மட்டத்திலோ சற்று மேலேயோ போக வேண்டும். அதற்குக் கீழே போனால் வீண்.

ராட் இப்போதுதான். கைப்பிடிக்கு மேலே சிறிய எழுத்தில் இரை எடை வரம்பு அச்சிட்டிருக்கும். மேலே சொன்ன இரைகளுக்கு 15-50 கிராம் வரம்புள்ள, 7 அடி, சற்று விறைப்பான மீடியம் ஹெவி, நுனி மட்டும் வளையும் ஃபாஸ்ட் வகை ராட் பொருந்தும். கரையிலிருந்து மட்டும் வீசுவீர்கள் என்றால் எட்டடி வரை போகலாம். உங்கள் பழைய ராட் இதற்கு வேண்டாம். 28 கிராம் ஸ்பூனை அது வீசத் திணறும், எலும்பு வாயில் முள்ளைக் குத்தி இறக்கவும் வலு போதாது. இன்னொரு காரணமும் உண்டு: மெல்லிய ராடில் போராட்டம் நீண்டு, மீன் முழுக்கக் களைத்துப்போகும். அப்படிக் களைத்ததை விட்டாலும் பிழைப்பது சந்தேகம். சின்ன மீன்களுக்கு அந்த ராடை வைத்துக்கொள்ளுங்கள்.

ரீல், 4000 அளவு ஸ்பின்னிங் ரீல். பெய்ட்காஸ்டர் என்ற இன்னொரு வகை ரீலைப் பின்னால் பழகிக்கொள்ளலாம். மற்ற விவரங்களைவிட, மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக் சீராக இளகுகிறதா என்று பாருங்கள். வலைக்கு அருகில் வந்தபின் திடீரென்று பாய்வது பைக்கின் வழக்கம், அந்த நேரத்தில் டிராக் திக்கினால் ஏதாவது ஒன்று அறுந்தே தீரும். 30 பவுண்டு பிரெய்டு (பின்னிய நரம்பு) சுற்றுங்கள். அடியில் சில சுற்று நைலான் போட்டு அதன்மேல் சுற்றினால்தான் ஸ்பூலில் வழுக்காது. தராசை மாட்டி இழுத்தால் 2 முதல் 3 கிலோவில் டிராக் இளகும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிரெய்டை ஸ்விவலில் கட்ட பலோமார் முடிச்சு போதும். இறுக்கும் முன் எச்சிலோ நீரோ தொட்டு ஈரப்படுத்துங்கள்.

மீன் வலைக்குள் வந்ததும் அதை நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றப் பாருங்கள். தூக்கத்தான் வேண்டும் என்றால் செவுள் மூடியின் உள்விளிம்பில், தாடையை ஒட்டி விரல்களை நுழைத்து, இன்னொரு கையால் வயிற்றைத் தாங்கி, கிடைமட்டமாகப் பிடியுங்கள். சிவப்பான செவுளில் விரல் படவே கூடாது. பெரிய பைக்குகள் எல்லாமே அநேகமாகப் பெண் மீன்கள், அந்த அளவுக்கு வளரப் பல வருடம் ஆகும். கோடையில் மேல்நீர் 20 டிகிரியைத் தாண்டிச் சூடாகிவிட்டால், பிடித்து விடும் எண்ணத்தோடு பைக்கைத் தேடிப் போகாதீர்கள். இது குளிர்நீர் மீன்; வெந்நீரில் போராடியபின் மீள்வதே அதற்குக் கடினம்.

எங்கே வீசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வசந்தத்தில் ஆழமில்லாத வளைகுடாக்கள், கோடையில் செடித்திட்டு முடிந்து ஆழம் தொடங்கும் ஓரம். அந்த ஓரத்துக்கு இணையாக வீசினால் இரை அதிக நேரம் மீன் இருக்கும் இடத்திலேயே பயணிக்கும். பைக் காலடிவரை பின்தொடர்ந்து வரும் பழக்கமுள்ளது, அதனால் இரை கண்ணில் பட்டவுடன் சட்டென்று தூக்கிவிடாதீர்கள். ராட் நுனியை நீருக்கருகே தாழ்த்தி, இரையைக் கரைக்கு இணையாக ஒரு பக்கமாகத் திருப்பி இழுங்கள். நேராக வந்தது திடீரென்று திசை மாறும் அந்த நேரத்தில் கவ்வும் மீன்கள் ஏராளம்.

கிளம்பும் முன் உங்கள் ஏரிக்கான விதிகளைப் படித்துவிடுங்கள். பல இடங்களில் முட்டையிடும் வசந்தக் காலத்தில் பைக் பிடிக்கத் தடை உண்டு. எந்த நீளத்தை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும் என்பதும் ஏரிக்கு ஏரி மாறும். அளவு குறித்த பட்டை ஒன்றை வலையின் கைப்பிடியிலேயே ஒட்டி வைத்தால், மீனை நீரைவிட்டு எடுக்காமலே அளந்துவிடலாம்.