25 லட்சம் கேட்டால் 13 லட்சம் ஏன்?

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 48,000 ரூபாய். பைக் கடனுக்கு 3,500, தனிநபர் கடனுக்கு 8,500 என ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறேன். மனைவி ஓவர்லாக் தைக்கிறார். சனிக்கிழமைதோறும் 4,500 ரூபாய் ரொக்கமாக வாங்குகிறார். அவிநாசி அருகே வீடு கட்ட 25 லட்சம் கேட்டதற்கு, 13 லட்சம்தான் தேறும் என்கிறது வங்கி. ஏன்?
- வாசகர், திருமுருகன்பூண்டி

பதில்: தவணை தவறாதது, கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணைக் காப்பாற்றும், கடன் தொகையை முடிவு செய்வது வேறொரு கணக்கு. மாத வருமானத்தில் எத்தனை சதவீதம் தவணைகளுக்கே போகிறது என்பதுதான் கடன்-வருமான விகிதம். அதற்கான வரம்பு வங்கிக்கு வங்கி மாறும். உங்களுக்குப் பாதி என்று வைத்திருப்பதாகத் தெரிகிறது. அந்த 24,000 ரூபாயில் 12,000 பழைய கடன்களுக்கே போய்விடுகிறது. 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால் லட்சத்துக்குச் சுமார் 900 ரூபாய் தவணை வருவதால், மீதி 12,000 ரூபாய்க்கு 13 லட்சத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும்.

தனிநபர் கடனை அடைத்துவிட்டால் இதே கணக்கில் 22 லட்சத்தைத் தாண்டலாம். அடைப்பதற்காக நகையை அடகு வைத்தால், அந்தக் கடனும் உங்கள் சிபில் கடன் அறிக்கையில் ஏறிக்கொள்ளும். மச்சானின் தறிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் அங்கே தெரியும் என்பதைப் பலர் வங்கியில்தான் அறிகிறார்கள். ஏலச்சீட்டு கட்டுகிறீர்களா? வங்கி அதைக் கழிக்காமல் விடலாம். நீங்கள் கழித்துப் பார்க்க வேண்டும்.

தனிநபர் கடனை அடைத்ததோடு, வீட்டுக் கடன் காலத்தையும் 30 ஆண்டாக நீட்டினால் தவணை குறைந்து 25 லட்சமும் கைகூடலாம். ஆனால், 20 ஆண்டில் சுமார் 29 லட்சமாக இருக்கும் வட்டி 47 லட்சத்தைத் தாண்டிவிடும். அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

உங்கள் மனைவியின் கூலிதான் நல்ல வழி. ரொக்கமாக வரும் வரை அது வங்கியின் கண்ணில் படாது. கம்பெனியில் பேசி வாரக் கூலியை அவருடைய வங்கிக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாத வரவு சேர்ந்ததும் அவரையும் இணை விண்ணப்பதாரராகச் சேர்த்துக் கேட்டால், மாதம் 18,000 ரூபாய் கூடி, அதில் பாதியான 9,000 ரூபாய்க்கு இன்னும் 10 லட்சம் வரை இடம் கிடைக்கும். அதற்குள் தனிநபர் கடனை முடித்து, நிலுவையில்லாச் சான்றும் வாங்கி, கடன் அறிக்கையில் அது முடிந்ததாகப் பதிவான பிறகே மறுபடி விண்ணப்பியுங்கள்.