கொஞ்சம் குடித்தால் மூளை ரத்தக்குழாய்க்கு நல்லதா?

கேள்வி: எனக்கு வயது 52. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் குடிக்கும் பழக்கம் இல்லை. சனிக்கிழமை இரவு மட்டும் ஐந்து பெரிய பெக் விஸ்கி. மது ரத்தக்குழாயை விரிக்கும், அதனால் பக்கவாதம் வராது என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

பதில்: விரிக்கும் என்பது உண்மைதான். குடித்ததும் முகம் சிவந்து சூடாவது அதனால்தான். ஆனால் அதிகமாகக் குடித்தால், சுமார் 12 மணி நேரம் இறங்கியிருக்கும் ரத்த அழுத்தம் அதன்பின் வழக்கத்தைவிட மேலே ஏறும். உங்கள் கணக்கில் அது ஞாயிறு மதியம். அன்று மாலை ஒருமுறை, வியாழன் மாலை ஒருமுறை அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூளையின் ஆழத்தில் தலைமுடி அளவுக்கு மெல்லிய தமனிகள் உண்டு. அடிக்கடி ஏறும் அழுத்தத்தை முதலில் தாங்குபவை அவைதான். சுவர் தடித்து, நெகிழ்வு போய், ஒன்று அடைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் வெடிக்கும். இரண்டுமே பக்கவாதம்தான். தொடர்ந்து அதிகம் குடிப்பவர்களுக்கு ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைகின்றன, கல்லீரலும் உறைதலுக்கான புரதங்களைச் சரியாகத் தயாரிப்பதில்லை. அதனால் கசிவு எளிதில் நிற்காது. ஆஸ்பிரின் எடுப்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒரே இரவு அளவு மீறினாலே சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும். அப்போது இதயத்தில் உறையும் ரத்தக்கட்டி நேராக மூளைக்குப் போகலாம்.

வாரம் ஒருநாள்தானே என்று நினைக்காதீர்கள். 60 மில்லி விஸ்கியில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஐந்து பெக் என்றால் 100 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமைத் தொட்டாலே அது மிகையான குடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

சரி, கொஞ்சமாகக் குடித்தால் பாதுகாப்பு என்று பழைய ஆய்வுகள் சொன்னதே? குடிக்காதவர்கள் பட்டியலில், உடம்பு கெட்டு நிறுத்தியவர்களும் சேர்ந்திருந்தார்கள். அதனால் கொஞ்சம் குடிப்பவர்கள் ஆரோக்கியமானவர்கள் போலத் தெரிந்தார்கள். சீனாவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019இல் வெளியானது. அதில், ஒருவர் எவ்வளவு குடிப்பார் என்பதைப் பாதிக்கும் மரபணுக்களை வைத்து ஒப்பிட்டபோது அந்தப் பாதுகாப்பு காணாமல் போனது. குடி கூடக் கூட அழுத்தமும் பக்கவாதமும் கூடின.

நீங்கள் வருகிற சனிக்கிழமையே நிறுத்தலாம். தினமும் நிறையக் குடிப்பவர் மட்டும் சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், மருத்துவர் துணையோடுதான் விட வேண்டும்.

அப்புறம், உங்கள் நண்பர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். குடித்தவருக்கு நாக்கு குழறினால் போதை என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். அது பக்கவாதமாகவும் இருக்கலாம். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று மட்டும் கீழே சரிகிறதா என்று பாருங்கள். போதை உடம்பின் ஒரு பக்கத்தை மட்டும் இழுக்காது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் அவகாசம். ஆகவே விடியட்டும் என்று காத்திருக்காமல், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அப்போதே கொண்டுபோங்கள். கசிவா அடைப்பா என்பது ஸ்கேனில்தான் தெரியும் என்பதால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம்.