வாசகர் கேள்வி: கடலின் ஆழத்தைக் கயிற்றால் அளக்கலாமா?

கேள்வி: தொண்டிக் கடலில் சிறிய பாய்மரப் படகு ஓட்டப் பழகுகிறோம். மின்கருவி இல்லாமல் ஆழத்தை அறிவது எப்படி?
– வாசகர், தேவகோட்டை

பதில்: தாராளமாக அறியலாம். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடலாதலால், கரையை ஒட்டிய இடங்களில் அடிக்கு அடி கோடிட்ட மூங்கில் கழி ஒன்றே போதும்.

கழி எட்டாத இடத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிறுதான் நம்பகமானது. நைலான் கயிறு இழுபட்டு நீளுமென்பதால் பாலியெஸ்டர் கயிற்றை வாங்கி, நன்றாக நனைத்த பிறகே ஒவ்வொரு பாகத்துக்கும், அதாவது 6 அடிக்கு, இருட்டிலும் விரலுக்குத் தட்டுப்படும்படி முடிச்சோ தோல்துண்டோ கட்டுங்கள். படகு நகரும்போது குண்டை முன்பக்கமாக வீசி, கயிறு செங்குத்தாக நிற்கும் நொடியில் அளவைப் பாருங்கள். சாய்ந்த கயிறு இல்லாத ஆழத்தைக் காட்டும், அதுவே பெரிய ஆபத்து. குண்டின் அடியிலுள்ள குழியில் கொழுப்போ கிரீஸோ தடவினால் மணலா சேறா என்பது ஒட்டிவரும். நங்கூரம் போடுமுன் இது மிகவும் உதவும்.

ஒலியை அனுப்பி ஆழத்தை அளக்கும் எதிரொலிக் கருவி வாங்கினாலும் கயிற்றைக் கைவிடாதீர்கள், பேட்டரி தீர்ந்தால் கருவி மௌனமாகிவிடும். அளந்த ஆழத்திலிருந்து, படகு நீருக்குள் அமிழ்ந்திருக்கும் அளவைக் கழித்தால் எஞ்சுவதே படகின் அடிக்கும் கடல்தரைக்கும் உள்ள இடைவெளி.