வீட்டு வேலைகளை நானே செய்யணும்னு ஆசை, எந்தெந்த பவர் டூல்ஸ் முதல்ல வாங்கலாம்?

நீங்க கேட்டதை சுருக்கிச் சொன்னா, அலமாரி மாட்டுறது, ஆடுற ஸ்டூலை சரி பண்றது, சின்னச் சின்ன மர வேலை, இதுக்கெல்லாம் ஒரே பெட்டியில 100 சாமான் வர்ற டூல் கிட் போதுமா இல்ல தனித்தனியா வாங்கணுமா, பேட்டரியா வயரா, கிரைண்டர் அவசியமா, அவ்ளோதானே?

100 சாமான் பெட்டி வேண்டாம். நானே வாங்கி ஏமாந்தவன், அதனால தைரியமா சொல்றேன். எண்ணிப் பாத்தா பாதிக்கு மேல குட்டி ஸ்க்ரூ பிட்டும் பிளாஸ்டிக் பிளக்கும்தான், மீதியில ஒரு சுத்தியல், ரெண்டு நாள்ல வாய் கோணிப்போற குறடு, நடுவுல ராஜா மாதிரி ஒரு ஹேமர் ட்ரில். அந்த ட்ரில்லைக்கூட குறை சொல்ல மாட்டேன், கூட வந்த பிட்டுங்கதான் கொடுமை.

என் முதல் வேலை ஜன்னலுக்கு மேல திரைச்சீலை கம்பி மாட்டுறது. செங்கல் சுவர்ல சோதனைக்கு ஒண்ணு போட்டுப் பாத்தேன், பச்சை மரத்துல ஆணி இறங்குற மாதிரி இறங்குச்சு, ஆஹா நாமளும் மேஸ்திரிதான்னு நினைச்சுட்டு ஜன்னலுக்கு மேல வெச்சா ஒரு சென்டிமீட்டர் போனதும் நின்னுடுச்சு. நான் விடுவேனா, ஏணி மேல நின்னுக்கிட்டு உடம்பு பாரம் மொத்தத்தையும் போட்டு அழுத்துறேன், பிட்டு முனை செவசெவன்னு ஆகுது, கருகுற வாசனை வருது, சுவர்லேர்ந்து விபூதி மாதிரி கொஞ்சம் தூசி மட்டும் கொட்டுது. இதுல இன்னொரு கூத்து, முதல் பத்து நிமிஷம் மெஷின் ரிவர்ஸ்ல சுத்திட்டு இருந்திருக்கு, நான் கவனிக்கவே இல்ல. (சிரிக்காதீங்க, ட்ரில் வாங்கின பாதிப் பேர் இதை ஒரு தடவையாவது பண்ணியிருப்பாங்க.) கடைசியில தெரிஞ்ச எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர் அவரோட ரோட்டரி ஹேமரை எடுத்துட்டு வந்து வெச்சார், இருபது எண்ணுறதுக்குள்ள துளை ரெடி, பெருசா அழுத்தக்கூட இல்ல.

ஏன் இப்படின்னா, ஜன்னலுக்கு மேல இருக்கிறது செங்கல் இல்ல, லிண்டல், அதாவது ஜல்லி போட்ட கான்கிரீட். சாதாரண ஹேமர் ட்ரில்லுக்குள்ள பல்லு வெச்ச ரெண்டு வட்டு ஒண்ணு மேல ஒண்ணு உரசி ஓடும், பல்லு ஏறி இறங்குறப்போ வர்ற அதிர்வுதான் அதோட அடி. நிமிஷத்துக்கு 40,000 தட்டுக்கு மேல தட்டும், ஆனா ஒவ்வொண்ணும் விரலால சுண்டுற மாதிரிதான். நீங்க அழுத்துனாதான் அந்த அடியும் வரும். ரோட்டரி ஹேமர்ல உள்ள ஒரு பிஸ்டன் காத்தை அமுக்கி ஒரு குண்டைத் தள்ளும், அந்தக் குண்டு பிட்டோட பின்பக்கத்துல போய் இடிக்கும். நிமிஷத்துக்கு 4,000 சொச்சம் அடிதான், ஆனா ஒவ்வொண்ணும் உளி வெச்சு அடிக்கிற அடி. அதனாலதான் அதோட பெட்டியில ஒரு அடிக்கு எவ்வளவு சக்தின்னு ஜூல்ல ஒரு கணக்கு போட்டிருப்பாங்க, வீட்டுக்கு 2 ஜூல் பக்கம் இருந்தாலே தாராளம். பிட்டும் வேற மாதிரி, எஸ்டிஎஸ் பிளஸ்னு சொல்வாங்க, பின்னாடி காடி வெச்ச 10 மிமீ தண்டு, சக் சாவி (சக்னா பிட்டைக் கவ்வுற வாய், அதை முறுக்குற சாவி) எல்லாம் கிடையாது, தள்ளினா க்ளிக்னு உக்காந்துக்கும்.

அதனால முதல் கேள்வி உங்க சுவர் எதுன்னுதான். செங்கல்னா 13 மிமீ சக் உள்ள ஹேமர் ட்ரில்லே போதும், வாட்ஸ் கணக்குல மயங்க வேண்டாம். எல்லாமே கான்கிரீட் சுவர்னா யோசிக்காம ரோட்டரி ஹேமர். ஒண்ணு ரெண்டு துளைதான்னா வாங்கவே வேணாம், வாடகைக்கோ கடனுக்கோ எடுங்க.

பெயர்லயும் ஒரு குழப்பம் இருக்கு. இம்பாக்ட் ட்ரில் (ஹேமர் ட்ரில்லோட இன்னொரு பேரு) வேற, இம்பாக்ட் டிரைவர் வேற. டிரைவர் பக்கவாட்டுல திருகுற பக்கமா இடிக்கும், பெரிய ஸ்க்ரூவை மரத்துல ஏத்தவும் துருப்பிடிச்ச போல்ட்டை கழட்டவும்தான் அது. பேர்ல இம்பாக்ட் இருக்கேன்னு அதை வாங்கிட்டு வந்து சுவரைக் குடைஞ்சவரை எனக்குத் தெரியும், பாவம்.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மெஷின் சுத்த மட்டும்தான் செய்யும், வெட்டுறது முனை. நடுத்தர மெஷினும் நல்ல பிட்டும் இருந்தா வேலை நடக்கும், உசத்தியான மெஷின்ல மட்டமான பிட்டைப் போட்டா சுவருக்குப் பதிலா உங்க மணிக்கட்டுதான் தேயும். சுவருக்கு கார்பைடு முனை வெச்ச மேசன்ரி பிட், இரும்புக்கு ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட், மரத்துக்கு நடுவுல ஊசி மாதிரி நிக்குற பிட், மூணும் மூணு ஜாதி, மாத்திப் போட்டா மூணும் கெடும். 6, 8, 10 மிமீ ஒவ்வொண்ணுலயும் ஒரு நல்லது இருந்தாலே வருஷக்கணக்கா ஓடும். இரும்புல துளை போடறப்போ வேகத்தைக் குறைச்சு ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க, மரத்துல ஸ்க்ரூ ஏத்துறதுக்கு முன்னாடி மெல்லிசா ஒரு துளை போட்டுக்குங்க, இல்லேன்னா ஓரத்துல மரம் பிளக்கும்.

பேட்டரியா வயரா? என் வழி இதுதான், அடிக்கடி கையில எடுக்கிறது பேட்டரி, எப்பவாவது எடுக்கிறது வயர். பேட்டரி சும்மா வெச்சிருந்தாலும் கிழடாகும், வயர் மெஷின் பரண்ல அஞ்சு வருஷம் கிடந்தாலும் சொருகினா ஓடும். ஸ்க்ரூ போட, கழட்ட, மரத்துல துளை போட 12 வோல்ட் பேட்டரி ட்ரில் கையடக்கமா இருக்கும், எங்க வீட்டுல அதிகமா உழைக்கிறது அதுதான். வோல்ட் விஷயத்துல ஏமாறாதீங்க, 18, 20, 21 மூணும் பெரும்பாலும் ஒண்ணேதான். உள்ள அஞ்சு செல், ஒவ்வொண்ணும் சராசரி 3.6 வோல்ட், அப்ப 18, சார்ஜ் ஏறினதும் 4 சொச்சம், அப்ப 20, முழுசா ஏறி நிக்கிறப்போ 4.2, அப்ப 21. கடையில எந்த நம்பர் வேணுமோ அதை ஒட்டிக்கிறாங்க. நிஜமா பாக்க வேண்டியது வோல்ட்டை ஆம்பியர் அவரால பெருக்கினா வர்ற வாட் அவர்தான், 18 வோல்ட் 2 ஆம்பியர் அவர்னா 36. அப்புறம் ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷின்ல பெரும்பாலும் சேராது, அதனால முதல்ல வாங்குற பேட்டரி கிட்டத்தட்ட கல்யாணம் மாதிரி.

வயர் மெஷின்ல ரெண்டு முள்ளு பிளக்தான் இருக்கு, எர்த் இல்லையேன்னு பயப்படாதீங்க, உடம்புல சதுரத்துக்குள்ள சதுரம் குறி இருந்தா அது டபுள் இன்சுலேஷன், எர்த் தேவையில்ல. எக்ஸ்டென்ஷன் வயரை மட்டும் சுருட்டி வெச்சபடியே ஓட்டாதீங்க, முழுசா பிரிச்சு விடுங்க, சுருளுக்குள்ள சூடு ஏறி மேல்தோல் உருகும்.

கிரைண்டர்? கடைசியா வாங்குங்க. பிரமாதமான மெஷின்தான், இரும்பு வெட்டும், வெல்டிங் தேய்க்கும், டிஸ்க் மாத்தினா டைல்ஸும் அறுக்கும், ஆனா மன்னிக்காது. 100 மிமீ டிஸ்க் நிமிஷத்துக்கு 11,000 சுத்துனா அதோட ஓரம் மணிக்கு 200 கிமீக்கு மேல ஓடுது, கணக்கு போட்டுப் பாருங்க. அதுல மரம் அறுக்குற பல்லு பிளேடை மாட்டி பிளைவுட் வெட்டுற வீடியோவெல்லாம் பாத்து ஆசைப்படாதீங்க, பல்லு மரத்துல மாட்டுச்சுன்னா மெஷின் கையை விட்டு உங்க பக்கம்தான் வரும். மூடியைக் கழட்டிட்டு பெரிய டிஸ்க் போடறதும் அதே ரகம். டிஸ்க்ல எழுதியிருக்கிற ஆர்பிஎம் மெஷினோடதை விட அதிகமா இருக்கணும், நடு வளையத்துல காலாவதி தேதி இருந்தா அதையும் பாருங்க, அந்த டிஸ்க்கோட பிசின் நாள்பட்டா வலு இழக்கும்.

மர வேலைக்கு ஜிக்சா (சின்ன பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்குற மெஷின்) வாங்குங்க, பயமில்லாம பழகலாம். பிளேடு மேல வர்றப்போதான் வெட்டும், அதனால பலகையோட நல்ல முகம் கீழ இருக்கணும், இல்லேன்னா மேல எல்லாம் சிம்பு சிம்பா பேந்துடும். உப்புத்தாள் தேய்ச்சுத் தேய்ச்சு தோள்பட்டை போச்சுன்னா ஆர்பிட்டல் சாண்டர், உப்புத்தாள் நம்பர் 80லேர்ந்து ஆரம்பிச்சு 120, 180ன்னு போங்க, அவசரப்பட்டு நடுவுல தாண்டினா பாலிஷ் அடிச்சப்புறம் கோடு தெரியும்.

கையுறை போட்டா பாதுகாப்புன்னு நினைப்போம், ட்ரில் ஓட்டுறப்போ கழட்டிடுங்க, துணி சுத்திக்கிட்டா விரலையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடியும் தூசிக்கு நல்ல மாஸ்க்கும் மட்டும் விடாதீங்க, கான்கிரீட் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

யாரும் சொல்லாத ஒரு சாமான் கிளாம்ப், அதாவது மரத்தை மேஜையோட இறுக்கிப் பிடிக்கிற கவ்வி. மரத்தை இடது கையால பிடிச்சுக்கிட்டு வலது கையால வெட்டுறதுதான் பாதி விபத்துக்குக் காரணம்னு எனக்குத் தோணுது. எஃப் கிளாம்ப் நாலு, 4 இன்ச் வைஸ் ஒண்ணு, ஆடாத பழைய மேஜை ஒண்ணு, இது போதும் பட்டறைக்கு. இன்னொரு மெஷின் வாங்குற காசுல இதை வாங்குங்க. கூடவே ஒரு மூலைமட்டம், ஒரு ரசமட்டம், ஒரு நல்ல டேப். டேப்போட முனைக் கொக்கி லேசா ஆடும், அது பழுது இல்ல, வெளிப்பக்கம் மாட்டி இழுத்து அளந்தாலும் உள்பக்கம் முட்டி அளந்தாலும் கொக்கியோட தடிமன் கணக்குல சேராம இருக்கத்தான் அந்த ஆட்டம். நான் இது தெரியாம அந்தக் கொக்கியோட ஆணியை சுத்தியால அடிச்சு டைட் பண்ணிட்டு, அதே டேப்ல அளந்து ஒரு அலமாரி செஞ்சேன், அதோட ஒரு கதவு இன்னி வரைக்கும் பேப்பர் மடிச்சு வெச்சாதான் மூடுது.